மாமியின் கால் மெசின் வந்திருக்கிறது: சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் என்ன தைக்கலாம்?

கோண்டாவில் அம்மா:

வணக்கம் அக்காமார், அன்ரிமார். மகளுக்கு மூன்றே முக்கால் வயது. தை மாதம் முன்பள்ளியில் சேர்க்கப் போகிறோம். மகனுக்கு எட்டு மாதம். மாமிக்கு இப்போது கண் பார்வை குறைந்துவிட்டதால் தன்னுடைய கறுப்புச் சிங்கர் கால் மெசினை எங்களிடம் தந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மனையியல் பாடத்தில் கொஞ்சம் தைத்திருக்கிறேன். நேராகத் தைக்க வரும், அவ்வளவுதான். கழுத்து, கை என்றால் பயம்.

மகளின் பிறந்தநாளுக்கு ஒரு சட்டை தைக்கலாம் என்று நவீன சந்தையில் இரண்டு யார் ரோஸ் நிற நெற் துணி (வலைத் துணி) வாங்கி வைத்திருக்கிறேன். அதிலிருந்தே தொடங்கலாமா? அலுமாரியில் அம்மாவின் பழைய பருத்திச் சீலைகளும் நிறையக் கிடக்கின்றன. பழந்துணியில் தைத்தால் நிற்குமா? ரெடிமேட் மலிவாகக் கிடைக்கும்போது ஏன் கஷ்டப்படுகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். பிள்ளைகள் படுத்த பிறகு இரவு ஒன்பதுக்கு மேல்தான் எனக்கு நேரம் கிடைக்கும். பெரிய வேலையாக இல்லாமல், தைத்தால் பிள்ளைகள் உண்மையில் உடுக்கிற மாதிரி என்ன தைக்கலாம்?

வடமராட்சி தையல்:

தங்கச்சி, அந்த நெற் துணியை மடித்து அலுமாரியில் வையுங்கோ. அதற்கு ஒரு காலம் வரும். நெற் வழுக்கும், ஊசிக்கு அடியில் சுருளும், பிள்ளையின் தோலிலும் உரசும். தைக்கப் பழகுகிறவருக்கு அதைவிடக் கஷ்டமான துணி குறைவு. நான் நெல்லியடியில் வீட்டிலிருந்தபடி பிள்ளைகளின் உடுப்புகளைத்தான் அதிகம் தைத்துக் கொடுக்கிறேன். புதிதாகப் பழக வருகிற எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். முதலில் இலாஸ்ரிக் போட்ட காற்சட்டை தையுங்கள். கழுத்து இல்லை, கை இல்லை, தெறி இல்லை. இரண்டே துண்டு. தையல் கொஞ்சம் கோணினாலும் வெளியில் தெரியாது. அதோடு பிள்ளை அதை ஒவ்வொரு நாளும் போடும். ஒரு நாள் போட்டுப் படம் எடுத்துவிட்டு மடித்து வைக்கிற சட்டையைவிட, வாரத்தில் நாலு தரம் தோய்த்துக் காயப்போடுகிற காற்சட்டைதான் உங்களுக்குத் தையலைப் படிப்பிக்கும்.

துணிக்கு வருவோம். அம்மாவின் பருத்திச் சீலைதான் நல்லது. புதுப் பருத்தியை வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊற வைத்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கி இடுப்பில் நிற்காது. பழைய சீலை சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடிந்திருக்கும். எங்கள் பங்குனி, சித்திரை வெயிலுக்குப் பிள்ளையின் உடம்பில் அதைப் போல இதமாக வேறு எதுவும் இருக்காது. மலிவான ரெடிமேட்டில் பாதிக்கு மேல் பொலியெஸ்டர் கலந்திருந்தால் வியர்வை உறிஞ்சாது. இடுப்பைச் சுற்றி வேர்க்குரு போட்டுவிடும். வீட்டில் கேட்கிறவர்களுக்கு அதைச் சொல்லுங்கள்.

ஆனால் சீலை முழுவதும் ஒரே பலத்தில் இருக்காது. இருந்து எழும்புகிற இடம்தான் முதலில் நையும். தலைப்பும், உள்ளே செருகுகிற முதல் சுற்றும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். யன்னல் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தால் நைந்த இடம் வெளுத்துத் தெரியும். பிறகு இரண்டு பெருவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துணியை இறுகப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். நூல்கள் விலகி அப்படியே நின்றால் அந்த இடம் காற்சட்டைக்கு உதவாது, மகனுக்கு நப்பியாக வெட்டுங்கள். விலகாமல் திரும்பவும் கூடினால் நம்பி வெட்டலாம்.

அளவுக்கு நாடா கொண்டு பிள்ளையைத் துரத்த வேண்டாம். அவளுக்கு இப்போது சரியாக இருக்கிற ஒரு காற்சட்டையை எடுங்கள். ஒரு காலை மற்றக் காலுக்குள் விட்டு இரண்டாக மடித்தால் கவட்டு வளைவு வடிவாகத் தெரியும். பழைய உதயன் பேப்பர் ஒன்றை இரண்டாக மடித்து, காற்சட்டையின் பக்கவாட்டு ஓரம் பேப்பரின் மடிப்போடு பொருந்த வையுங்கள். இடுப்பு இலாஸ்ரிக்கை முழுக்க இழுத்துப் பிடித்தபடி சுற்றி வரைய வேண்டும். இதை மறந்தால் இடுப்பு ஒடுங்கிப் போகும். வளைவிலும் உள்காலிலும் அரை அங்குலம் கூட விடுங்கள். மேலே இலாஸ்ரிக் மடிப்புக்கு ஒன்றேகால் அங்குலம், அதற்கும் மேலே இன்னும் ஒரு அங்குலம். கால் விளிம்பில் இரண்டு அங்குலம். வெட்டி, பேப்பரை விரித்த பிறகு, முன்பக்கப் பாதியில் மட்டும் மேலே கூட விட்ட அந்த ஒரு அங்குலத்தைப் பக்க மடிப்பிலிருந்து வளைவை நோக்கிச் சரிவாக வெட்டி எடுங்கள். பின்பக்கம் உயரமாக இருந்தால்தான் பிள்ளை குந்தும்போது இடுப்பு கீழே இறங்காது. துணியை நல்ல பக்கம் உள்ளே வர இரண்டாக மடித்து இந்தப் பேப்பரை வைத்து வெட்டினால் இடது கால், வலது கால் இரண்டும் ஒன்றாக வந்துவிடும். வெள்ளைத் துணியானால் செய்தித்தாள் மை ஒட்டும், பழுப்புப் பேப்பரில் வெட்டுங்கள்.

தைக்கும் ஒழுங்கு முக்கியம். இரண்டு துண்டையும் நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க வைத்து, முன் வளைவை ஒரு தையல், பின் வளைவை ஒரு தையல். பிறகு விரித்து, இரண்டு வளைவும் நடுவில் சந்திக்கும்படி பிடித்து, ஒரு கால் விளிம்பில் தொடங்கி கவட்டு வழியாக மற்றக் கால் விளிம்பு வரை ஒரே ஓட்டம். கவட்டு வளைவில் முதல் தையலுக்குப் பக்கத்தில் இரண்டாவது தையல் ஒன்று போட்டே ஆகவேண்டும். பிள்ளைகள் ஏறி இறங்கும்போது முதலில் பிரிகிற இடம் அதுதான்.

இடுப்புக்கு முக்கால் அங்குல இலாஸ்ரிக் எடுங்கள். ஒடுங்கியது அறுக்கும். மேலே முதலில் கால் அங்குலம், பிறகு ஒரு அங்குலம் மடித்துத் தையுங்கள். பின் நடுவில் இரண்டு விரல் போகிற அளவு வாய் விடுங்கள். பிள்ளை வயிறு முட்டச் சோறு சாப்பிட்ட பிறகு வயிற்றைச் சுற்றி அளவெடுங்கோ. அந்த அளவிலிருந்து ஒன்று, ஒன்றரை அங்குலம் மட்டும் குறைத்து வெட்டுங்கள். மூன்று, நாலு வயதில் பலருக்கு இருபது அங்குலத்துக்குக் கிட்ட வரும், ஆனாலும் உங்கள் பிள்ளையைத்தான் அளக்க வேண்டும். ஒரு முனையில் சேப்டி பின் குத்தி உள்ளே ஓட்டுங்கள். மற்ற முனையையும் துணியோடு ஒரு பின்னால் பிடித்து வைத்தால் அது உள்ளே போய்விடாது. முனைகளை ஒன்றன்மேல் ஒன்று அரை அங்குலம் வைத்துச் சதுரமாகத் தையுங்கள். அந்த வாயை மட்டும் கையால் மூடுங்கள். ஆறு மாதம் கழித்து இலாஸ்ரிக்கை மாற்றவோ நீட்டவோ அது உதவும். கால் விளிம்பில் விட்ட இரண்டு அங்குலமும் அதற்குத்தான். எங்கள் காலத்தில் வெள்ளைப் பள்ளிச் சட்டையின் விளிம்பை ஆழமாக மடித்துத் தைத்து, பிள்ளை வளர வளர அவிழ்த்து இறக்குவார்கள். பிள்ளைகளுக்குத் தைக்கும்போது இந்தப் பழக்கத்தை நாங்கள் விடக்கூடாது.

மகனுக்கு என்றால் சாப்பாட்டு ஏப்ரன். பழைய துவாய் ஒன்றில் தலை போகிற அளவு வட்டமாக வெட்டி, சின்னதாகிப்போன ரீசேட்டின் கழுத்துப் பட்டியை வெட்டி அந்த வட்டத்தில் இழுத்துத் தையுங்கள். தலை வழியாகப் போடுவது. கழுத்தில் கட்டுகிற நாடா வைக்க வேண்டாம். எட்டு மாதப் பிள்ளைக்கும் சரி, ஓடி விளையாடுகிற பிள்ளைக்கும் சரி, கழுத்தைச் சுற்றி நாடாவோ கயிறோ வேண்டவே வேண்டாம். கொளுவி இழுபட்டால் கழுத்தை இறுக்கும். தெறி, முத்து, மணி எதையும் மகனுடைய உடுப்பில் வையாதீர்கள். பிடுங்கி வாயில் போடுகிற வயது. ஆசைக்குச் சின்னத் தலையணை தைத்து அவனுடைய தொட்டிலில் வைக்கவும் வேண்டாம். ஒரு வயது வரை தலையணை தேவையே இல்லை, மூச்சுக்கு ஆபத்து.

நப்பிக்குத் தடித்த துணி தேடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தடித்தது இரண்டு நாளானாலும் காயாது. மெல்லிய சீலைத் துண்டைப் பெரிய சதுரமாக வெட்டி ஓரம் மடித்துத் தைத்தால், கட்டும்போது நாலாக மடிக்கலாம், கொடியில் விரித்துப் போட்டால் காற்றிலேயே காயும்.

தென்மராட்சி அப்பா:

தையல் அக்கா துணியைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் மெசினைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தைக்கிறது நான்தான். அம்மாவின் கால் மெசினை நானே கழற்றிப் பூட்டிப் பழகினேன்.

கன நாள் சும்மா நின்ற மெசினை உடனே மிதிக்க வேண்டாம். ஊசிக்குக் கீழே இருக்கிற தகட்டைக் கழற்றினால், துணியை நகர்த்துகிற மெசின் பல்லுக்கு நடுவே பழைய பஞ்சு இறுகிப்போய் இருக்கும். பல் விளக்குகிற பழைய பிறஷால் எடுத்துவிடுங்கள். எண்ணெய் விடுகிற துளைகளில் ஒவ்வொரு சொட்டு மெசின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது நாளடைவில் பிசினாகி மெசினை இறுக்கிவிடும். பிறகு நூல் போடாமல் கொஞ்ச நேரம் மிதித்து, பழந்துணியில் ஓட்டி, வழிகிற கறுப்பு எண்ணெயைத் துடையுங்கள். தோல் பட்டி தொய்ந்திருந்தால் புதிது தேவையில்லை. கொளுக்கியைக் கழற்றிக் கொஞ்சம் வெட்டித் திரும்பக் கொளுவினால் போதும்.

ஊசியைப் புதிதாக மாற்றுங்கள். சீலைத் துணிக்கு 11, காற்சட்டைத் துணி தடிப்பென்றால் 14. நூல் எந்தப் பக்கத்தால் கோர்ப்பது என்பதில்தான் பலர் சிக்குப்படுகிறார்கள். ஊசியை விரலால் தடவினால் ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை நீளமான பள்ளம் இருக்கும். நூல் அந்தப் பள்ளத்துப் பக்கத்தால் போய் மற்றப் பக்கத்தால் வரவேண்டும். மேல் நூலைப் போடும்போது துணியை அழுத்திப் பிடிக்கிற மெசின் பாதத்தைத் தூக்கி வையுங்கள். அப்போதுதான் நூல் இறுக்கும் தட்டுகளுக்குள் ஒழுங்காக இறங்கும். துணிக்குக் கீழே நூல் கூடு கட்டினால் எல்லோரும் கீழ் நூல் சுற்றியிருக்கிற பொபினைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் பிழை மேல் நூலில்தான். ஒருக்கா கழற்றித் திரும்பக் கோருங்கள்.

கால் மிதி பழக, ஒரு பழைய ஊசியை மாட்டி, நூல் இல்லாமல், கோடு போட்ட சி.ஆர். கொப்பி ஒற்றையில் தைத்துப் பாருங்கள். கோட்டில் துளை விழுந்தால் கை பழகிவிட்டது. பிறகு ஒரு கோப்பையைக் கவிழ்த்து வளைவு கீறி அதிலும் ஓட்டுங்கள். மேலே இருக்கிற கைச் சில்லு உங்களை நோக்கிச் சுழல வேண்டும். எதிர்ப்பக்கம் சுழன்றால் நூல் அறும்.

இன்னொன்று, இது கட்டாயம். தைத்து முடிந்ததும் பட்டியைக் கீழ்ச் சில்லிலிருந்து கழற்றிவிடுங்கள். தவழ்கிற பிள்ளைக்கு அந்த மிதி ஒரு விளையாட்டுச் சாமான். பட்டி பூட்டியிருந்தால் கீழே ஒரு பிள்ளை மிதியை ஆட்ட, மேலே மற்றப் பிள்ளையின் விரல் ஊசிக்குள் போகும். குண்டூசிகளை மூடியுள்ள ரின்னில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

முன்பள்ளி ரீச்சர்:

தை மாதம் எங்களிடம் வரப்போகிற பிள்ளைக்கு என்றால் நானும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அக்கா சொன்ன இலாஸ்ரிக் காற்சட்டைக்கு என்னுடைய ஆதரவு முழுதாக உண்டு. கொளுக்கியும் தெறியும் சிப்பும் வைத்த உடுப்போடு வருகிற பிள்ளை, மலசலகூடத்துக்கு ஓடி, கழற்றத் தெரியாமல் நின்று அழும். தானே இறக்கித் தானே ஏற்றக்கூடிய உடுப்புப் போட்டு அனுப்பினால் ஒரு கிழமையிலேயே அந்தப் பிள்ளைக்குத் தைரியம் வந்துவிடும். முன்பக்கம் எது என்று தெரிய, பின் இடுப்பின் உள்பக்கத்தில் ஒரு சின்ன நிறத்துணித் துண்டைத் தைத்துவிடுங்கள். அது முதுகுப்பக்கம் என்று பிள்ளையே கண்டுபிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, பை. சாப்பாட்டுப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும் மாற்று உடுப்பும் போகிற மாதிரி, வாய் அகலமான ஒரு தோள் பை. நீள்சதுரத் துணியை இரண்டாக மடித்து இரண்டு பக்கமும் தைத்து வாயை மடித்தால் பை வந்துவிடும். அடி மூலைகள் இரண்டையும் முக்கோணமாகப் பிடித்துக் குறுக்கே ஒரு தையல் போட்டால் பெட்டி சரியாமல் இருக்கும். உள் துணிக்கு, வீட்டில் மூத்த பிள்ளைகள் யாராவது இருந்தால், அரசாங்கம் இலவசமாகத் தருகிற சீருடைத் துணியில் மிச்சம் வருகிற வெள்ளைத் துண்டுகள் நன்றாக உழைக்கும். தோள் பட்டி நிலத்தில் இழுபடாத நீளமாக இருக்கட்டும்.

பெயரைத் தைத்து அனுப்புகிறீர்கள், நல்லது, ஆனால் அது எங்களுக்கு. பிள்ளைக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. ஒரு மஞ்சள் மீனோ சிவப்பு இலையோ வெட்டி, பையிலும் துவாயிலும் ஏப்ரனிலும் ஒரே அடையாளத்தைத் தைத்துவிடுங்கள். எத்தனை பைகளுக்குள்ளும் தன்னுடையதை எடுத்துக்கொண்டு வருவாள். கை துடைக்கிற துவாயின் நடு விளிம்பில் நாடாவில் ஒரு காது வைத்துத் தையுங்கள், ஆணியில் கொளுவ. நெஞ்சில் லேஞ்சியைச் சேப்டி பின் கொண்டு குத்தி அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இன்னும் இருக்கிறது. அந்தப் பின் விளையாடும்போது திறந்து குத்துகிறது. சட்டையில் ஒரு சின்னத் துணி வளையம் தைத்து அதற்குள் லேஞ்சியைக் கோர்த்துவிட்டால் பின்னே தேவையில்லை. இது பத்து நிமிட வேலை, தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

கோண்டாவில் அம்மா:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தென்மராட்சி அப்பா சொன்னபடி தகட்டைக் கழற்றினேன், உள்ளே பச்சை நிறப் பஞ்சு, மாமி கடைசியாகத் தைத்த யன்னல் சீலையின் நூலாம். பார்த்து மாமிக்குச் சந்தோசம். அம்மாவின் நீலக் கட்டம் போட்ட சீலையில் முதல் காற்சட்டை தைத்து முடித்துவிட்டேன். மகள் அதைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். வளைவில் இரண்டு தையலும் போட்டேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, தோய்த்த பிறகு இலாஸ்ரிக் உள்ளே முறுகிக் கயிறாகிவிட்டது. ஒவ்வொரு தரமும் நிமிர்த்த வேண்டியிருக்கிறது. மற்றது, எங்களிடம் துணியின் ஓரம் அடிக்கிற ஓவர்லொக் மெசின் இல்லை. உள்ளே நூல் பிரிகிறது. மகனுக்குக் கையில்லாத மேற்சட்டை தைக்க ஆசை, அந்த நூல் அவனுடைய கையில் சுற்றுமோ என்று பயமாக இருக்கிறது.

வடமராட்சி தையல்:

வடிவாகச் செய்திருக்கிறீர்கள் பிள்ளை. இலாஸ்ரிக் முறுகினால், நிமிர்த்திவிட்டு, இரண்டு பக்கவாட்டிலும் பின் நடுவிலும் மேலிருந்து கீழாக மடிப்புக்குக் குறுக்கே ஒரு தையல் போடுங்கள், இலாஸ்ரிக்கும் சேர்ந்து பிடிபட. மூன்று இடத்தில் பிடித்தால் பிறகு முறுகாது. நீட்ட வேண்டிய நேரத்தில் அந்தத் தையலை அவிழ்ப்பதும் லேசு.

மகனுடைய உடுப்பைப் பற்றி யோசித்தது நல்லது. தளர்ந்த நூல் சின்ன விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்படும். ஓவர்லொக் வேண்டாம், இரட்டைத் தையல் போடுங்கள். முதலில் உள்பக்கம் உள்பக்கத்தைப் பார்க்க, அதாவது நல்ல பக்கம் வெளியே தெரிய வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் தையுங்கள். அந்த ஓரத்தைப் பாதியாக நறுக்கிவிடுங்கள். பிறகு திருப்பி, நல்ல பக்கம் உள்ளே போக மடித்து, அயன் பண்ணி, இன்னொரு கால் அங்குலத்தில் தையுங்கள். வெட்டு ஓரம் முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும். ஒரு நூலும் வெளியே வராது. மெல்லிய சீலைத் துணிக்கு ஓவர்லொக்கை விட இதுதான் அழகு. வெட்டும்போது மூட்டுக்கு அரை அங்குலம் விட்டால் கணக்குச் சரி. கழுத்துக்கும் கைக்கும் அதே சீலையில் மூலைவாட்டாக ஒன்றேகால் அங்குலப் பட்டி வெட்டி மடித்துத் தையுங்கள். நேராக வெட்டிய பட்டி வளைவில் படியாது. தோளில் ஒரு பக்கத்தைத் திறந்து, தெறிக்குப் பதிலாக முன்னும் பின்னும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி விட்டால் தலை லேசாகப் போகும்.

இந்த மேற்சட்டையும் முடிந்தால் நெற் துணியை வெளியே எடுக்கலாம். அதைத் தனியாகத் தைக்காமல், உள்ளே சீலைத் துணியில் ஒரு பாவாடை தைத்து, இரண்டின் இடுப்பையும் ஒரே இலாஸ்ரிக் மடிப்புக்குள் விடுங்கள். காற்சட்டைக்குச் செய்த அதே வேலைதான். உள் பாவாடை நெற்றைவிட ஒரு அங்குலம் நீளமாக இருந்தால் காலில் உரசாது. நெற்றின் விளிம்பை மடிக்கத் தேவையில்லை, வெட்டிய ஓரம் பிரியாது. தையலை நீளமாக்கி மெதுவாக மிதியுங்கள், சிக்கினால் அடியில் ஒரு பேப்பர் துண்டை வைத்துத் தைத்துப் பிறகு கிழித்து எடுங்கள். அயனை மட்டும் நெற்றில் நேரே வைக்காதீர்கள், உருகிவிடும். மேலே ஒரு ஈரத் துணி போட்டுக் குறைந்த சூட்டில் தொட்டு எடுங்கள்.